ஏகாதசி விரதத்துக்கு நோபல் பரிசா?



"நம்ம ஏகாதசி விரதம் உடம்பைச் சுத்தப்படுத்தும்னு நிரூபிச்ச ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசு!" புலனக் குழுக்களில் இந்தச் செய்தி அடிக்கடி வலம் வரும். நான் உயிரணுவியல் படிப்பதால், "உண்மையா அண்ணே?" என்று சமய வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நடந்தது என்ன?

அந்த விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி. 2016-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். உயிரணுக்கள் தம்முடைய பழுதான பாகங்களைத் தாமே செரித்து மறுபடியும் பயன்படுத்திக்கொள்கின்றன. இதற்கு ஆட்டோபேஜி என்று பெயர். தமிழில் தன்னுண்ணல் எனலாம். 1963-இல் இப்பெயரை வைத்தவர் கிறிஸ்டியன் டி டுவ். ஆனால் இதை நடத்தும் மரபணுக்கள் எவை என்று நெடுங்காலம் தெரியவில்லை.

ஓசுமி, ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டை எடுத்தார். செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டார். செரிக்காத குமிழ்கள் உள்ளே சேர்ந்து நுண்ணோக்கியில் தெரிந்தன. பிறகு, தன்னுண்ணல் நடக்காத ஈஸ்டுகளைத் தேடிப் பிடித்து, அதற்குத் தேவையான 15 மரபணுக்களை 1993-இல் அறிவித்தார். பரிசு இந்த வழிமுறையைக் கண்டதற்குத்தான்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. எந்த உயிரில் சோதித்தார்கள்? ஈஸ்டில். பட்டினி கிடந்தது ஈஸ்ட், பக்தர் இல்லை!

2. எதைப் பார்த்தார்கள்? குமிழ்களையும் மரபணுக்களையும். நோய் தீர்ந்ததா, ஆயுள் கூடியதா என்று அந்தச் சோதனை பார்க்கவில்லை.

3. மற்றவர்களும் செய்து பார்த்தார்களா? ஆமாம். மனித உயிரணுக்களிலும் இதே போன்ற மரபணுக்கள் உண்டு. ஆனால் நாம் எத்தனை மணி நேரம் நோன்பிருந்தால் எந்த உறுப்பில் எவ்வளவு நடக்கும் என்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் விரதம் வீணா? இல்லவே இல்லை. புலனை அடக்கி இறைவனை நினைக்கத்தான் விரதம். அதற்கு ஆய்வகச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் பாட்டி, இந்தச் செய்தியை நம்பி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கிவிடலாம். மருத்துவரிடம் கேட்காமல் அவர் விரதம் இருக்கக் கூடாது. வாய்மையும் நம் தர்மம்தானே?

பயிற்சி: உங்களுக்கு வந்த ஓர் அறிவியல் செய்தியை எடுத்து இம்மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடையை அடுத்த வகுப்பில் பேசுவோம்.