படகு புரொப்பல்லர்: 9-க்கும் 11-க்கும் என்ன வித்தியாசம்?

நம் பள்ளியில் நிறைய பேர் வீட்டில் ஃபைபர் படகு உண்டு. அதனால் இந்தக் கட்டுரை நம்ம எல்லாருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

போன வருடம் மன்னார் வளைகுடாவில் எங்கள் படகு பாரில் தட்டி, புரொப்பல்லரின் ஒரு இதழ் உடைந்துவிட்டது. அப்பா பழைய சாமான் கடையில் வேறொன்று வாங்கி மாட்டினார். சரியாகப் பொருந்தியது. ஆனால் அன்றிலிருந்து வலையும் மீனும் ஏற்றினால் படகு இழுக்கவே இல்லை. கறும்புகை வந்தது. எண்ணெய் அதிகம் குடித்தது. கரைக்கு வருவதற்குள் ஏலம் முடிந்துவிடும். பிளக் மாற்றினோம், கார்புரேட்டர் கழுவினோம், பலன் இல்லை. "என்ஜின் போச்சுடா தம்பி" என்று அப்பா அம்மாவின் தோட்டை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

நல்லவேளை, மெக்கானிக் மாமா வந்து புரொப்பல்லரைப் பார்த்தார். உடைந்ததில் 9¼ × 9 என்றும், மாட்டியதில் 9¼ × 11 என்றும் இருந்தது. இந்த எண்களை நான் முன்பே பார்த்தேன். 11 பெரியது, நல்லதுதானே என்று சும்மா இருந்துவிட்டேன். தப்பு என்னுடையதும்தான்.

எண்களின் பொருள்

முதல் எண் விட்டம். அதாவது இதழ்கள் சுற்றும் வட்டத்தின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச். திருகு அளவியில் புரியிடைத் தூரம் படித்தோமே, அதேதான்! ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதே பிட்ச்.

சிறு கணக்கு

என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியர் 2:1 என்று வைத்துக்கொள்வோம். புரொப்பல்லர் 2500 முறை சுற்றும். 9 அங்குலம் = 22.86 செ.மீ. ஆக நிமிடத்துக்கு 571.5 மீட்டர், மணிக்குச் சுமார் 34 கி.மீ. ஆனால் தண்ணீர் மரக்கட்டை இல்லையே, வழுக்கும்! 30 சதவீதம் வழுக்கினால் கிடைப்பது 24 கி.மீ. தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

1. பிட்ச் கூடினால் என்ஜினுக்குப் பளு கூடும். மேட்டில் சைக்கிளைப் பெரிய கியரில் மிதிப்பது போல. சுமை குறைந்த, வேகப் படகுக்கே அது ஏற்றது.
2. சுமை ஏற்றும் படகுக்குப் பிட்ச் குறைவாக வேண்டும். ரொம்பக் குறைத்தாலும் என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றிக் கெட்டுவிடும்.
3. வழக்கமான சுமையோடு முழு வேகத்தில் ஓட்டி ஆர்.பி.எம். பார்க்க வேண்டும். அது என்ஜின் புத்தகத்தில் உள்ள அளவுக்குள் வர வேண்டும். பிட்சை 1 அங்குலம் குறைத்தால் சுமார் 200 ஆர்.பி.எம். கூடும்.

எங்கள் என்ஜினுக்கு 4500 முதல் 5500 வரை வேண்டும். மாமா மீட்டர் வைத்துப் பார்த்தபோது 4300 தான் வந்தது. 9 பிட்ச் மாட்டியதும் 4700 காட்டியது. புகையும் நின்றது. தோடு அம்மா காதிலேயே இருக்கிறது.

தெரியுமா?

1845-ல் பிரிட்டன் கடற்படை, துடுப்புச் சக்கரக் கப்பல் அலெக்டோவையும் புரொப்பல்லர் கப்பல் ராட்லரையும் கயிற்றால் கட்டி எதிரெதிரே இழுக்க விட்டது. ராட்லர்தான் ஜெயித்தது!

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் படகின் எண்ணைப் பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். என்ஜினை நிறுத்திய பிறகே தொட வேண்டும்.

– 9-ஆம் வகுப்பு மாணவன்