வாட்டம்

அன்புள்ள கயல்,

பள்ளிக் கண்காட்சிக்கு நீ செய்த பலகையின் படம் வந்தது. கையெழுத்து தேறியிருக்கிறது. ஆனால் படத்துக்குக் கீழே ‘நீராவி இன்ஜினுக்காக அமைக்கப்பட்ட பொம்மை ரயில்’ என்று எழுதியிருக்கிறாயே, ஐந்து சொல்லில் இரண்டு தப்பு! ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

பொம்மையை முதலில் முடித்துவிடுகிறேன். நீ ஒட்டியிருப்பது வேல்ஸில் உள்ள ஃபெஸ்டினியோக் ரயில். தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டடிகூடக் கிடையாது, 597 மில்லிமீட்டர்தான். மலையின் மடிப்புகளை ஒட்டி நெளிந்து போகவேண்டிய பாதை அது. அகலமாகப் போட்டிருந்தால் பாறை வெட்டியே பணம் கரைந்திருக்கும். இந்தப் ‘பொம்மை’ இறக்கிக் கொடுத்த சிலேட்டுக் கல் கப்பலேறி ஜெர்மனி வரை வீட்டுக் கூரையானது. நம் டார்ஜிலிங் பாதைக்கு இரண்டடி அகலம் போதும் என்ற துணிச்சலுக்கும் இதுதான் முன்மாதிரி. ஊட்டி ரயிலையும் பொம்மை என்கிறார்கள். அதை ஆரம்பித்தால் கடிதம் முடியாது.

இரண்டாவது தப்புதான் தாங்கவில்லை. பாதை திறந்தது 1836இல். முதல் இன்ஜின் வந்தது 1863இல். நடுவில் 27 வருஷம் சிலேட்டை எது இறக்கியது?

வாட்டம் இறக்கியது. மொட்டை மாடித் தளம் போடும்போது கொத்தனார் வாட்டம் விடுவாரே, அதேதான். கண்ணுக்குத் தெரியாது, ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால் அது தானே குழாயைத் தேடிப் போகும். ஜேம்ஸ் ஸ்பூனர் என்ற மனிதர் ஒரு மலைக்கே அப்படி வாட்டம் பார்த்தார். பிளைனாய் ஃபெஸ்டினியோக்கின் சிலேட்டுச் சுரங்கங்களிலிருந்து போர்த்மாடோக் துறைமுகம் வரை சுமார் 22 கிலோமீட்டர். இறக்கம் ஏறத்தாழ 700 அடி. நூறடிக்கு ஓரடி என்று வைத்துக்கொள். முதல் சில வருஷம் ஒரு மலைமுகடு மட்டும் குறுக்கே நின்றது. 1842இல் அதையும் குடைந்து வழி செய்துவிட்டார்கள். அதன்பிறகு, கடலோரத்தில் மேடோக்ஸ் என்பவர் கட்டிவைத்த சமதளக் கரை வரும்வரை சரக்கு தானாகவே உருண்டது.

அந்த ரயிலைக் கொஞ்சம் நினைத்துப் பார். முன்னால் எதுவும் இழுக்கவில்லை. சிலேட்டு அடுக்கிய வேகன்கள் வரிசையாக வருகின்றன, பிரேக் பிடிக்க மட்டும் ஆட்கள் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். (சிலேட்டுப் பலகைகளுக்கு அளவுவாரியாக டச்சஸ், கவுண்டஸ், லேடி என்று பெயர். ஒரு பிரபு வம்சமே மலையிறங்குகிறது!) கடைசியில் ஒரு தனி வண்டி. அதற்குள் குதிரை, தீவனம் தின்றபடி. காலி வேகன்களை மேலே இழுத்துப்போன குதிரை, இறங்கும்போது பயணியாக வருகிறது, கீழே போய் மறுபடி இழுக்கவேண்டுமே என்று. நம் செக்குமாட்டுக்கு ஒரு நாளாவது இப்படி வாய்த்திருக்குமா?

இன்ஜின் வந்ததும் குதிரையின் வேலைதான் போயிற்று. வாட்டத்தின் வேலை போகவில்லை. இன்ஜின் காலி வேகன்களை மேலே ஏற்றும். நிறைந்தவை 1939 வரை தாமாகவே இறங்கின, சில சமயம் நூறு வேகனுக்கு மேல்கூட ஒரே தொடராக. இப்போது சொல், எது எதற்காக அமைக்கப்பட்டது?

உன் படத்தில் இரு முனையிலும் புகைபோக்கியோடு நிற்கும் ஃபேர்லி இன்ஜினை நான் மட்டமாகச் சொல்லவில்லை. 1870இல் அதன் ஓட்டத்தைப் பார்க்க ரஷ்யாவிலிருந்தே குழு வந்தது. ஆனால் எந்தப் பாரம்பரிய ரயிலுக்குப் போனாலும் கூட்டம் புகையைத்தான் படமெடுக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சரிவை யார் எடுக்கிறார்கள்? அதே பாதையில் ஏதாவது விசேஷ நாளில் பழைய வேகன்களை இன்னமும் உருட்டிக் காட்டுகிறார்கள் என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

பாதை பிழைத்த கதையையும் நீ விட்டுவிட்டாய். 1946இல் ஓட்டம் நின்றது. ஆனால் 1832ஆம் வருஷத்துச் சட்டத்தில் பாதையைத் திறக்க விதி இருந்தது, கைவிட விதி இல்லை! அதனால் தண்டவாளம் பெயர்க்கப்படாமல் புதருக்குள் கிடந்தது. தன்னார்வலர்கள் வந்து 1955இல் கடற்கரைத் துண்டை ஓட்டினார்கள். இடையில் ஒரு மின்நிலைய நீர்த்தேக்கம் பழைய வழியில் ஒரு பகுதியை விழுங்கிவிட, பாதையை ஒரு சுற்றுச் சுற்றித் தன் தலைக்கு மேலேயே ஏற்றி, 1982இல் மறுபடி பிளைனாய் சேர்ந்தார்கள்.

இந்தத் தன்னார்வப் பைத்தியம் எனக்குத் தொற்றியது ரோல்ட் எழுதிய ‘ரயில்வே அட்வெஞ்சர்’ புத்தகத்தைப் படித்து. பக்கத்திலுள்ள டாலிலின் ரயிலை 1951இல் ஆர்வலர்கள் எடுத்து நடத்திய கதை. மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் அங்கே வாங்கியது. யாரோ இரவல் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. நீயாக இருந்தால் கொண்டுவந்து கொடு.

வாசகத்தைத் திருத்து. பக்கத்தில் படம் வரைவதாக இருந்தால், குதிரையைக் கடைசி வண்டியில் ஏற்று. பழக்கதோஷத்தில் முன்னால் பூட்டிவிடாதே. அது இறங்குகிற ரயில்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்