நோன்பு: சொல்லும் பொருளும்

இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளுள் ஒன்று ரமலான் மாத நோன்பு. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் கடமையாக்கப்பட்ட இவ்வணக்கத்தின் நோக்கம் இறையச்சம் உடையோராதல் என்று திருமறை தெளிவுறுத்துகின்றது (2:183).

தமிழ் முஸ்லிம்கள் ஸகாத், ஹஜ் முதலான அரபுச் சொற்களை அவ்வாறே வழங்குகின்றனர். ஆயின் 'ஸலாத்' என்பதைத் தொழுகை என்றும், 'ஸவ்ம்' என்பதை நோன்பு என்றும் தமிழாலேயே வழங்கி வருகின்றனர். இவ்விரு மொழிச் சொற்களையும் ஒப்புநோக்குதல் இவ்வணக்கத்தின் உட்பொருளை உணரத் துணைபுரியும்.

'ஸவ்ம்' என்பதன் பொருள் தடுத்துக்கொள்ளல் என்பதாம். திருமறையில் இச்சொல் மர்யம் (அலை) அவர்கள் எவரோடும் பேசாதிருக்க நேர்ந்துகொண்டதைக் குறிக்க வந்துள்ளது (19:26). எனவே நாவைக் காத்தலும் இச்சொல்லின் எல்லைக்குள் அடங்குகின்றது.

நோன்பு என்பது 'நோல்' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். நோற்றலாவது பொறுத்தல், தாங்கிக்கொள்ளல். வலிமையையும் பொறுமையையும் உணர்த்தும் 'நோன்மை' என்னும் சொல்லும் இதனோடு உறவுடையது. வள்ளுவப் பெருந்தகை பொறையுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (160) இருவகை நோற்றலைக் காட்டுகின்றார். ஒன்று உண்ணாது பசியைப் பொறுத்தல். மற்றொன்று பிறர் கூறும் கடுஞ்சொல்லைப் பொறுத்தல். இவற்றுள் பின்னதற்கே அவர் முதலிடம் தருகின்றார்.

நோன்பாளியிடம் ஒருவர் ஏச்சுக்கு வந்தால், தாம் நோன்பு நோற்றிருப்பதைச் சொல்லி விலகிக்கொள்ள வேண்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. பொய்யையும் தீச்செயலையும் விடாதவர் உணவை விடுவதில் இறைவனுக்கு எத்தேவையும் இல்லை என்பதும் அவர்களது வாக்கின் கருத்தாகும்.

இங்கே நாம் நம்மை எண்ணிப் பார்த்தல் தகும். 'நோன்பு வைத்திருக்கிறேன்' என்று சொல்லச் சொன்னது சினத்தை அடக்குவதற்காக. நாமோ அதே சொல்லைச் சினத்திற்குக் காரணமாகச் சொல்கின்றோம்! பிற்பகல் வகுப்பில் ஐயம் வினவிய மாணவர்மீது ஆசிரியராகிய நாம் எரிந்து விழுந்ததுண்டு. ஸஹருக்கு எல்லோருக்கும் முன்னெழுந்து சமைத்து, தாமும் நோன்பிருந்து, உப்புப் பாராமல் கஞ்சி காய்ச்சிய தாயிடம் உப்புக் குறைந்ததற்காக முகஞ்சுளித்ததும் உண்டு. அத்தாய் மறுமொழி கூறாது பொறுத்துக்கொண்டாரே, அதுவன்றோ நோன்பு!

நம் பசி மஃக்ரிப் பாங்கொலியோடு தீர்ந்துவிடுகின்றது. நாம் சொன்ன கடுஞ்சொல்லோ கேட்டவர் நெஞ்சில் பெருநாள் கழிந்தும் தங்கிவிடுகின்றது. ஆதலின் மாணவச் செல்வங்களே! வரும் ரமலானில் வயிற்றோடு நாவும் நோன்பு நோற்கட்டும். முன்னோர் தேர்ந்தளித்த இச்சொல்லின் பொருள் நம் வாழ்வில் விளங்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.