முட்டு வருத்தமும் நெஞ்சுக்குள் வாழும் நுண்ணுயிர்களும்

மாலைக் கூட்டமொன்றின் முடிவில் நடுத்தர வயதுள்ள விவசாயி ஒருவர் எம்மிடம் வந்தார். "சுவாமி, எனக்கு மாசத்திலை இரண்டு தரம் முட்டு வருது. நெஞ்சுக்குள்ளை கிருமி இருக்கெண்டுதானே அர்த்தம்? அன்டிபயோட்டிக் போட்டால் எல்லாம் செத்துப்போகும்தானே?" என்று கேட்டார். அவர் கையிலிருந்த கடதாசிப் பையில் ஆறு குளிசைகள் இருந்தன. வைத்தியரின் துண்டு இல்லாமல் வாங்கியவை. அவற்றுக்குக் கொடுத்த காசு அவருடைய ஒருநாட் கூலியில் பாதி.

சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் வயலில் கூலிக்கு நிற்கும் குடும்பத்துக்கு அரை நாட் கூலி சிறிய தொகையல்ல. ஆகவே அவர் கேட்டதற்கு விடையை இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முட்டு என்பது என்ன?

நாம் முட்டு, தொய்வு, இழுப்பு என்று சொல்வதை வைத்தியர்கள் ஆஸ்துமா என்கிறார்கள். வளர்ந்தோரிடம் காணப்படும் ஆஸ்துமாவில் ஒரு பெரும் பகுதி ஒவ்வாமையால் வருவது. படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி, கரப்பான் பூச்சியின் கழிவு, ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சணம், மகரந்தம் போன்றவற்றை உடல் பகைவன் என்று தவறாக எண்ணிப் போருக்கு எழுகிறது. அப்போது சுவாசக் குழாயின் உட்சுவர் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளி கூடுகிறது. குழாய் ஒடுங்கியதும் மூச்சு விசில் போலச் சத்தமிடுகிறது. ஆகவே இவ்வருத்தத்தின் வேர் கிருமியல்ல, அந்த ஓயாத வீக்கமே.

நெஞ்சு வெறும் அறையல்ல

அப்படியானால் நெஞ்சுக்குள் கிருமியே இல்லையா? இருக்கிறது. சுகதேகியின் நெஞ்சிலும் இருக்கிறது.

சுகமான சுவாசப்பைக்குள் நுண்ணுயிர் எதுவும் இல்லை என்றே மருத்துவ நூல்கள் நீண்ட காலம் கற்பித்து வந்தன. ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது பெரும்பாலானவை வளராததே அதற்குக் காரணம். பின்னர் அவற்றை வளர்க்காமலே, பரம்பரை அலகுகளை வாசித்து அடையாளம் காணும் முறை வந்தது. 2010இல் லண்டன் ஆய்வாளர்கள், மெல்லிய குழாயை நெஞ்சுக்குள் செலுத்தி, சிறு தூரிகையால் சுவாசக் குழாயின் சுவரைத் தடவி எடுத்துப் பார்த்தார்கள். ஒரு சதுர சென்ரிமீற்றரில் சராசரியாக 2,000 பற்றீரியாக்கள் வரை இருப்பதாகக் கணித்தார்கள். சுகதேகிகளில் பிரிவொட்டெல்லா போன்ற சில வகைகள் கூடுதலாக இருந்தன. ஆஸ்துமா உள்ளவர்களில் ஹீமோபிலஸ் போன்ற வேறு வகைகள் மிகுந்திருந்தன.

இவை எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் எமது வாயிலும் தொண்டையிலும் இருந்து, நித்திரையின்போது எச்சிலோடு சிறிது சிறிதாக இறங்குகின்றன. இருமலும் சளியின் ஓட்டமும் அவற்றை மேலே தள்ளுகின்றன. வாய்க்காலால் நீர் வந்து, வடிகாலால் போகும் வயலைப் போன்றதே இதுவும். வரத்தும் போக்கும் சீராக இருக்கும் வரை உள்ளே வாழும் கூட்டமும் சீராக இருக்கும்.

2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 84 பெரியவர்களை ஆராய்ந்தார்கள். 42 பேர் ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்கள். 21 பேர் ஒவ்வாமை மாத்திரம் உள்ளவர்கள். 21 பேர் சுகதேகிகள். இம்மூன்று குழுக்களின் நெஞ்சிலும் வெவ்வேறு விதமான பற்றீரியாக் கூட்டங்கள் இருந்தன. ஆஸ்துமாக்காரரில் ஹீமோபிலஸ், நைசீரியா முதலிய வகைகள் ஓங்கியிருந்தன. ஆனால் எம்மைச் சிந்திக்க வைப்பது இன்னொன்று. ஒவ்வாமை வீக்கம் மிகுந்திருந்த ஆஸ்துமாக்காரரில் பற்றீரியாக்களின் மொத்த அளவு கூடுதலாக அல்ல, குறைவாகவே இருந்தது. அவர்களுடைய குறை கிருமி பெருகியது அல்ல. கூட்டத்தின் சமநிலை குழம்பியதே. வீக்கம் கூட்டத்தைக் குழப்பியதா, குழம்பிய கூட்டம் வீக்கத்தை வளர்த்ததா என்ற கேள்வி விஞ்ஞானிகளிடையே இன்னும் தீரவில்லை.

வயலில் கற்ற பாடம்

இது எமது விவசாயிகளுக்குப் புதிய பாடமல்ல. நெற்பயிரில் நாலு பூச்சியைக் கண்டவுடன் நஞ்சு தெளித்தவரின் வயலில் பின்பு என்ன நடக்கும்? தத்தியைத் தின்னும் சிலந்தியும் நன்மை செய்யும் பூச்சிகளும் முதலில் சாகும். பிறகு கபில நிறத் தத்தி தடையின்றிப் பெருகும். பயிர் வட்டம் வட்டமாக எரிந்தது போலக் காயும்.

மத்தேயு நற்செய்தியில் வரும் வயல் உவமையில், களைகளை உடனே பிடுங்கப் புறப்பட்ட பணியாளரை வீட்டுத் தலைவர் தடுக்கிறார். நல்ல பயிரும் சேர்ந்து போய்விடுமே என்பது அவர் கவலை. அந்த உவமை வேறொரு பேருண்மையைச் சொல்ல வந்தது. ஆயினும் அதைச் சொன்னவருக்கு வயல் தெரிந்திருந்தது.

அன்டிபயோட்டிக் ஒருபோதும் உதவாதா?

நேர்மையாகச் சொல்வதானால், சிலருக்கு உதவும். 2017இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், நாளாந்த இன்ஹேலர் எடுத்தும் குணம் காணாத 420 பெரியவர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பாதியினருக்கு அசித்திரோமைசின் என்ற மருந்து வாரத்தில் மூன்று நாட்களாக 48 வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு முட்டு வருவது குறைந்தது. ஆனால் பின்னர் சளியை ஆராய்ந்தபோது பற்றீரியாக்களின் மொத்த அளவு குறைந்திருக்கவில்லை. வகைகளே குறைந்திருந்தன. அத்துடன் மருந்துக்கு மசியாத தன்மையைக் கொடுக்கும் பரம்பரை அலகுகள் பெருகியிருந்தன.

ஆகவே அது விசேட வைத்தியர், பரிசோதனைகளின் பின், தெரிந்தெடுத்த சிலருக்கே கொடுக்கும் மருந்து. கடையில் வாங்கும் ஆறு குளிசைகள் அந்த வேலையைச் செய்யமாட்டா. தடிமனோடு வரும் முட்டுக்குப் பெரும்பாலும் வைரசே காரணம். அன்டிபயோட்டிக் வைரசை ஒன்றும் செய்யாது. நாளை பிள்ளைக்கு நியூமோனியாக் காய்ச்சல் வரும்போது கைகொடுக்க வேண்டிய மருந்தை இன்று வீணாக்கி விடுகிறோம்.

நாம் செய்யக்கூடியவை

1. தடுப்பு இன்ஹேலரை நாள்தோறும் எடுப்போம். உடனே ஆறுதல் தரும் சல்பியூற்றமோல் தசையை மாத்திரம் தளர்த்தும். வீக்கத்தைத் தணிப்பது பெக்லோமெதசோன் போன்ற தடுப்பு மருந்தே. ஆறுதல் மருந்தை மட்டும் நம்பியிருப்பதை 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டல்கள் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. சுகமாக இருக்கிறது என்று தடுப்பு மருந்தை நாமாக நிறுத்தலாகாது. எடுத்தபின் வாயைக் கொப்பளிப்போம்.

2. மருந்து தொண்டையில் தங்காமல் நெஞ்சைச் சேர இடைக்கலம் உதவும். அது இல்லாதவர்கள் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலைப் பயன்படுத்தலாம். சவர்க்கார நீரில் கழுவித் துடைக்காமல் உலர்த்தி, அடிப்பக்கத்தில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, காற்றுப் போகாமல் ஒட்டவேண்டும். இன்ஹேலரைக் குலுக்கி, ஒரு தரம் அழுத்தி, போத்தலின் வாயால் மெதுவாக மூச்செடுக்கவேண்டும். இவ்வாறு ஒட்டிய போத்தல், விலைக்கு வாங்கும் கலத்தைப் போலவே சிறுவர்களுக்குப் பயன்பட்டதை 1999இல் தென்னாபிரிக்க ஆய்வொன்று காட்டியது. முதற்தடவை கிளினிக்கில் தாதியிடம் காட்டிச் செய்யுங்கள்.

3. புகையைக் குறைப்போம். தறப்பாள் கொட்டிலுக்குள் அடுப்பும் நுளம்புத் திரியும் எரிவது எவருடைய நெஞ்சுக்கும் கேடு. அடுப்பை வெளிப்பத்திக்கு மாற்றி, காய்ந்த விறகை எரிப்போம். திரிக்குப் பதில் நுளம்பு வலை நல்லது. பீடி, சுருட்டை விடுவோம். பாயையும் தலையணையையும் வெயிலில் போடுவோம்.

4. சூடடிக்கும்போதும் நெல் தூற்றும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, காற்று வரும் பக்கமாக நிற்போம்.

5. கிளினிக் கொப்பியையும் இன்ஹேலரையும் அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பைக்குள் வைப்போம். இடம் மாறினாலும் வைத்தியம் முறியக்கூடாது.

ஒரு வசனத்தை முடிக்க முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, உதடு நீலித்தாலோ, ஆறுதல் மருந்து கேட்காவிட்டாலோ விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வழியிலும் ஆறுதல் மருந்தைக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும்.

எம்மிடம் வந்த விவசாயி இப்போது அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறார். முட்டு முற்றாக விடவில்லை. ஆனால் சென்ற போகத்தில் ஒரு நாளும் வேலை முறியவில்லை என்று சொன்னார்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது நிலையத்தில் முட்டு உள்ளவர்கள் எத்தனை பேர்? தடுப்பு இன்ஹேலர் எடுப்பவர்கள் எத்தனை பேர்?
2. துண்டு இல்லாமல் வாங்கிய குளிசைக்குக் கடந்த மாதம் எமது குடும்பங்கள் செலவழித்தது எவ்வளவு?
3. இரவில் ஒருவருக்கு முட்டு வந்தால், யாருடைய வாகனத்தில் கொண்டுபோவது? இன்றே முடிவு செய்வோம்.