ஒற்றைச் சில்லில் ஏறப்போகும் தம்பிக்கு



உணவக வேலை முடிந்து நள்ளிரவுக்குப் பிறகு வீடு திரும்புவதற்காக மின்சார ஒற்றைச் சில்லு வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். உன் காரணம் நியாயமானது. பாரிஸில் கிழமை நாட்களில் ஒன்றேகால் மணியோடு மெத்ரோ அடங்கிவிடும். அடுப்பைத் துடைத்து, குப்பையை வெளியே வைத்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதற்குள் கடைசி வண்டி போய்விட்டது என்ற கதையை, நம்மவர் கூடும் லாச்சப்பலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2019 டிசம்பர் 5இல் ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்கு எதிரான வேலைநிறுத்தம் தொடங்கி மெத்ரோ வாரக்கணக்கில் முடங்கியபோது, வேலையை விடமுடியாத எத்தனையோ பேர் இப்படியான சிறு மின் வண்டிகளைத்தான் நம்பினார்கள். ஆகவே வாங்காதே என்று நான் சொல்லமாட்டேன். ஒரே மாலையில் பழகிவிடலாம் என்று யாரோ சொன்னதை மட்டும் மறந்துவிடு.

இந்த இயந்திரம் உனக்காக எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பதை ஏறுவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். அதன் உடலுக்குள் சாய்வை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. நீ முன்னால் சரிந்தால் அவை அந்தக் கணமே அறிந்து, மோட்டரை வேகமாகச் சுழற்றி, சில்லை உன் பாரத்துக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கின்றன. பின்னால் சரிந்தால் வேகம் குறைகிறது. உள்ளங்கையில் தும்புத்தடியை நட்டுவைத்து, அது சாயும் பக்கமே கையைக் கொண்டு ஓடுவோமே, அதே வேலைதான். ஆனால் இந்த உதவி முன்னுக்கும் பின்னுக்கும் மட்டுமே. இடமும் வலமும் விழாமல் நிற்பது முழுக்க உன் பொறுப்பு. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள மோட்டர் கிடையாது. சைக்கிளில் செய்வதைப் போல, சாயும் பக்கத்துக்கே சில்லைத் திருப்பித் திருப்பித்தான் நிமிரவேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் காமஸ் ஊரில் ஷேன் சென் என்பவர் உருவாக்கிய சோலோவீல் என்ற ஒற்றைச் சில்லு 2011இல் விற்பனைக்கு வந்தபோதும் பொறுப்பு இப்படித்தான் பிரிந்திருந்தது. அதன் பிறகு சீனாவில் இன்மோஷன், கிங்சோங், பெகோட் போன்ற நிறுவனங்கள் மோட்டரைப் பெரிதாக்கின, பற்றரியைப் பெரிதாக்கின, அதிர்வு தாங்கியும் வைத்தன. பக்கவாட்டுச் சமநிலையை மட்டும் ஓட்டுபவரின் கால்களிடமே விட்டுவிட்டன. நீ பழகப்போவது அந்தப் பாதியைத்தான்.

பழகுவதற்கு மட்டமான தார்த்தரை வேண்டும். புல்லில் விழுந்தால் நோகாது என்று பலர் புல்வெளிக்குப் போகிறார்கள். அங்கே சில்லு புதையும், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் திசை மாறும், பழகுவது இரண்டு மடங்கு கடினமாகிவிடும். கடை பூட்டியிருக்கும் ஞாயிறு பிற்பகலில், கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குப் போ. சில்லின் இரு பக்கமும் பழைய மெத்தைப் பஞ்சையோ தடித்த துணியையோ சுற்றி ஒட்டு. அது விழும்போது விழட்டும். பாய்ந்து பிடிக்கப் போனால் உன் மணிக்கட்டுத்தான் போகும். மேலே ஒரு வாரைக் கட்டிக் கையில் வைத்திருந்தால் சில்லு தனியே ஓடி யார் காலிலும் மோதாது. அந்த வாரில் உன் பாரத்தைத் தொங்கவிடாதே.

முதலில் ஒரு காலை மட்டும் பழக்கு. இந்தக் கட்டத்தைத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டப் பார்க்கிறார்கள், நானோ உன்னை இங்கேதான் அதிக நேரம் நிறுத்திவைக்க விரும்புகிறேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் எந்தக் காலில் இயல்பாக நிற்பாயோ அந்தக் காலை மிதிதட்டில் வை. பாதத்தின் நடுப்பகுதி சில்லின் அச்சுக்கு நேராக வரட்டும். சில்லைச் சற்று உட்பக்கம் சரித்து, கெண்டைக்காலின் உள்பக்கத்தோடு சாய்த்துக்கொள். மற்றக் காலால் நிலத்தை உதைத்து முன்னே போ. முதலில் சில அடிதான் போவாய். பிறகு உதைத்த காலை நிலத்தில் வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட தூரம் வழுக்கிப் போ. இடப்பக்கமாக ஒரு வட்டம், வலப்பக்கமாக ஒரு வட்டம். சில்லைச் சரித்தால் அது எப்படி வளைகிறது, கணுக்காலை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு திரும்புகிறது என்பதெல்லாம் இந்த ஒற்றைக்கால் ஓட்டத்தில்தான் உடம்புக்குள் இறங்குகின்றன. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களையும் ஏற்றிவைத்துப் பழகுபவர்கள் சுவரைப் பிடிக்கத்தான் பழகுகிறார்கள். ஏறி நிற்கும் உணர்வை அறிய ஒரு தடவை சுவரைப் பிடி, அதோடு விட்டுவிடு.

ஒற்றைக் காலில் தயக்கமில்லாமல் வழுக்கிப்போக வந்த பிறகு, மற்றக் காலை ஏற்று. அது தட்டில் கோணலாகத்தான் விழும். குனிந்து பார்த்துச் சரிசெய்ய நினைக்காதே. கோணலாகவே வைத்துக்கொண்டு ஓடு, வேகம் வந்த பிறகு குதிக்காலைச் சிறிது சிறிதாக நகர்த்தலாம். பயத்தில் மெதுவாகப் போகத் தோன்றும். நடை வேகத்தில்தான் இது மிக மோசமாக ஆடும். மணிக்கு 10 கிலோமீற்றரை நெருங்கும்போது சில்லு நேர்ப்படும், உனக்கும் மூச்சு வரும். பார்வை தூரத்தில் இருக்கட்டும். சில்லைப் பார்த்தால் சில்லின் அடியிலேயே இறங்குவாய். கைகள் தம்பாட்டில் விரிந்து ஆடும், ஆடட்டும், யாரும் பார்க்கிறார்கள் என்று மடக்காதே.

இரண்டாம் நாள் கெண்டைக்கால்களின் உள்பக்கம் கன்றிப்போயிருக்கும். விழாமல் இருக்க இரண்டு கால்களாலும் சில்லை நெருக்குகிறாய், அதனால்தான் நோகிறது. அங்கே ஒரு தடித்த காலுறையோ மெத்தென்ற பட்டையோ கட்டு. நெருக்கத்தைத் தளர்த்தும் நாளில் நோவு போகும், சில்லைத் திருப்பவும் வரும். பாதம் மரத்துப்போவதும் இயல்பு. அப்போது இறங்கி நட. களைத்த உடம்பு தப்பான பழக்கத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். அரை மணித்தியாலம் பழகிவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரைகொள். நேற்று வராதது மறுநாள் காலையில் தானாக வருவதை நீயே காண்பாய்.

நிறுத்துவதற்கும் இதே அக்கறையைக் கொடு. பெரும்பாலானவர்கள் ஓடப் பழகியதும் வீதிக்கு இறங்குகிறார்கள், நிறுத்தப் பழகுவதில்லை. முழங்காலை மடித்து, கதிரையில் இருக்கப் போவதுபோல உடம்பைப் பின்னால் தாழ்த்து. நினைத்த கோட்டில் நிற்க வரவேண்டும். வேகத்தைக் குறைக்காமல் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வரவேண்டும். இவை இரண்டும் வராத ஒருவரை நான் செபஸ்தபோல் சைக்கிள் பாதைக்குக் கூட்டிப்போகமாட்டேன்.

இனிச் சொல்லப்போவதை இரண்டு தடவை வாசி. ஏனென்றால் மோசமாக விழுபவர்கள் புதியவர்கள் அல்ல, பழகி முடித்து நம்பிக்கை வந்தவர்கள். மோட்டர் சுழலும்போதே தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தையும் உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அதுவும் கூடும். பற்றரியின் அழுத்தத்தில் அந்த எதிர் அழுத்தம் போக மிஞ்சுவதுதான் உன்னை நிமிர்த்தி வைத்திருக்கும் வலு. ஒரு வேகத்துக்கு மேல் மிச்சம் எதுவும் இராது. அப்போது நீ முன்னால் சரிந்தால் சில்லு உனக்கு அடியில் வந்து சேராது, நீ முகம் குப்புற வீதியில் கிடப்பாய். பிடிப்பதற்குக் கைபிடி இல்லை, தனியாக ஒரு பிறேக்கும் இல்லை. ஓட்டுவது, நிறுத்துவது, விழாமல் காப்பது எல்லாம் அந்த ஒரே மோட்டர்தான்.

மிச்ச வலு எப்போதும் ஒரே அளவில் இருக்காது. 84 வோல்ற் பற்றரியில் 20 செல்கள் வரிசையாக இருக்கின்றன. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ற். அது 3.3 வோல்ற்றுக்கு இறங்கும்போது மொத்தம் 66தான். வேலைக்குப் போகும்போது பத்திரமாக இருந்த வேகம், சார்ஜ் இறங்கிய நள்ளிரவில் பத்திரமானது அல்ல. ஜனவரிக் குளிரில் லித்தியம் பற்றரி இன்னும் தளரும். வலு குறையும்போது இயந்திரம் ஒலி எழுப்பும், சில வண்டிகளில் மிதிதட்டுகளைப் பின்னால் சாய்த்து உன்னை மெதுவாக்கப் பார்க்கும். அந்த ஒலியோடு போட்டி போடாதே. கேட்டவுடன் உடம்பை நிமிர்த்தி வேகத்தைக் குறை. திடீரென்று முன்னால் பாய்வதும் அதே மிச்சத்தைத்தான் தின்னும், பள்ளத்தில் விழுந்து எழும்புவதும் அப்படித்தான்.

இறக்கத்தில் இன்னொரு கணக்கு. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டர் மின்னைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பற்றரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதை வாங்க இடமில்லை. மொன்மார்த்ர் மேட்டில் இருக்கும் உன் நண்பன் காலையில் முழுச் சார்ஜோடு நேரே கீழே இறங்கக்கூடாது. கொஞ்சம் குறைத்துச் சார்ஜ் செய்யட்டும்.

எந்த வண்டி என்று கேட்டிருந்தாய். 2020இல் வந்த வெற்றரன் ஷெர்மனைப் போன்றவற்றில் வலு மிச்சம் ஏராளம், ஆனால் நிறை 35 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறமாட்டாய், அது காலில் விழுந்தால் எலும்பு தாங்காது. மலிவான சிறு வண்டிகள் தூக்கச் சுகம், அவசரத்தில் கைவிடும். 16 அங்குலச் சில்லும் 84 வோல்ற் பற்றரியும் 15 கிலோவை ஒட்டிய நிறையும் உள்ள ஒன்றில் தொடங்கு. பழையதாக வாங்குவதென்றால் வெளிக்கீறலைப் பற்றிக் கவலைப்படாதே, தண்ணீர் உள்ளே போனதா, பற்றரி பிரித்து ஒட்டப்பட்டதா என்று பார். ஒரே அறையில் பலர் படுக்கும் வீடுகள் நம்முடையவை. வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் வைத்து, எல்லோரும் நித்திரையாக இருக்கும்போது சார்ஜ் செய்யாதே. அதற்குரிய சார்ஜரைத் தவிர வேறெதையும் குத்தாதே.

பிரான்சில் 2019 ஒக்டோபரில் இருந்து இந்த வண்டிகளுக்குச் சட்டம் இருக்கிறது. மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது, சைக்கிள் பாதை உள்ள இடத்தில் அதில்தான் ஓடவேண்டும், காதில் இயர்போன் மாட்டக்கூடாது, காப்புறுதி கட்டாயம். குறைந்த வயது 2023இல் 14 ஆனது. நடைபாதையில் ஓடினால் 135 யூரோ. 25 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்துக்கு அமைந்த வண்டிக்கு 1,500 யூரோ வரை போகலாம் என்பதால், வாங்கியவுடன் செயலியில் வேகத்தை 25இல் பூட்டு. அந்த எல்லை உனக்கு வலு மிச்சத்தையும் தருகிறது.

அபராதத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது நடப்பவர்களின் அச்சம். 2023 ஏப்ரல் 2இல் பாரிஸ் மக்களிடம் வாடகை மின் ஸ்கூட்டர்கள் வேண்டுமா என்று கேட்டார்கள். வாக்களிக்க வந்தவர்கள் மிகச் சிலர், அவர்களில் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஓகஸ்ட் முடிவில் அவை தெருவிலிருந்து போய்விட்டன. சொந்த வண்டிகளை அது தொடவில்லை. தள்ளுவண்டியில் பிள்ளையோடு போகும் ஒரு தாயை உரசிக்கொண்டு நம்மில் ஒருவர் போனால், அடுத்த கேள்வி நம்மைப் பற்றியதாக இருக்கும். வயதானவர்களுக்குப் பின்னால் வரும்போது நடை வேகத்துக்கு வா, அது ஆடும் வேகம் என்றால் இறங்கி உருட்டிக்கொண்டு போ. மழையில் வீதியில் பூசிய வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் வழுக்கும். கல் பதித்த தெருவில் முழங்கால் மடிந்தே இருக்கட்டும். இரவில் கறுப்பு உடுப்போடு வீடு திரும்பாதே, ஒளி தெறிக்கும் மேலங்கி சில யூரோவுக்குக் கிடைக்கிறது.

காசு குறைவு, கவசங்களைப் பிறகு வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. விழும்போது கை தானாக முன்னே நீளும், அதை எவராலும் அடக்க முடியாது. ஆகவே மணிக்கட்டுக் கவசம் முதலில். முன்னோக்கித்தான் விழுவாய் என்பதால் தாடையையும் மூடும் முழுத் தலைக்கவசம் வேண்டும், சைக்கிள் தொப்பி போதாது. முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம், கணுக்காலை மூடும் சப்பாத்து. இவற்றின் விலையையும் சில்லின் விலையோடு சேர்த்தே கணக்குப் பார். கூட்டினால் கைக்கு எட்டவில்லை என்றால் இன்னும் இரண்டு மாதம் சேர், அதுவரை இரவுப் பேருந்தில் வா. சில்லு முன்னதாக வந்து இறங்கிவிட்டாலும், கவசங்கள் எல்லாம் கையில் கிடைக்கும் வரை அதன் பெட்டியைத் திறக்காதே.

அன்புடன்,
அண்ணா