உப்பைத் தடுக்க வந்த வாயிலா?

கேள்வி: கடல் ஏற்றத்தில் அடையாற்றில் உப்பு கூடுகிறது, மழை வெள்ளத்தில் குறைகிறது. அதைத் தாங்கும் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வுப் புரதங்கள் உப்பைத் தடுக்கத்தான் தோன்றினவா?
– வாசகர், கோட்டூர்புரம்

பதில்: இல்லை. அவற்றுள் முக்கியமானவை போரின்கள். பீப்பாய் வடிவப் புரதங்கள், நடுவில் சுமார் ஒரு நானோமீட்டர் துளை. 600 டால்டன் வரை எடையுள்ள மூலக்கூறுகளே புகுந்துவிடும் துளை, 23 டால்டன் சோடியத்தை எப்படித் தடுக்கும்? உவர்நீர்க் கழிமுகங்களில் வாழும் காலராக் கிருமியைப் பாருங்கள். அதன் ஓம்ப்-யூ, ஓம்ப்-டி என்ற இரு போரின்களும் நேர்மின் அயனிகளைத்தான் விரும்பி உள்ளே விடுகின்றன. சோடியமும் நேர்மின் அயனிதானே! உப்பைச் சமாளிக்கும் வேலை உள்ளே நடக்கிறது. உள்சவ்வின் பம்புகள் சோடியத்தை வெளியேற்றுகின்றன. உப்பு மிகும்போது கிருமி எக்டோயின் என்ற சிறு மூலக்கூறைத் தயாரித்துச் சேர்த்து, செல்லின் நீர் வடியாமல் காக்கிறது.

உப்பு கூடினால் போரின் மாறுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான்; குடல்வாழ் ஈ.கோலியில் அப்போது ஓம்ப்-எஃப் என்ற போரின் குறைந்து, சற்றே குறுகலான ஓம்ப்-சி பெருகும். ஆனால் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கரைத்தாலும் இதே மாற்றம்தான். அந்த நூலிழை வித்தியாசம் சோடியத்துக்கு ஒரு பொருட்டல்ல, குடலின் பித்த உப்புகளுக்குத்தான் பொருட்டு. செறிவான சூழல் என்றால் குடலுக்குள் வந்தாயிற்று என்று கிருமி எடுத்துக்கொள்கிறது போலும். காலராக் கிருமியிலும் ஓம்ப்-யூ இல்லாவிட்டால் பித்தத்தைத் தாங்கும் திறன் குறைகிறது. இன்னும் வலுவான சாட்சி உப்பளத்தில் இருக்கிறது: பாத்தி நீர் சுண்டிச் சிவக்கும்போது அதில் கொழிக்கும் ஆர்க்கியாக்களுக்கு இப்படியொரு வெளிச்சவ்வே கிடையாது.

பிறகு போரின்கள் எங்கிருந்து வந்தன? பீப்பாய்களைச் சவ்வில் பொருத்தும் பாம்-ஏ புரதத்தின் உறவான சாம்50, நம் மைட்டோகாண்ட்ரியாவில் இன்றும் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே மைட்டோகாண்ட்ரியா தனி பாக்டீரியாவாகத் திரிந்த, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காலத்திலேயே இந்த ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். பீப்பாயின் இழைகள் இரண்டிரண்டாக, ஒரே பாணியில் மடிந்து அடுக்கியிருப்பதால், ஒரு சிறு துண்டு இரட்டித்து இரட்டித்து வளர்ந்தது என்ற ஊகம் எனக்கு ஏற்புடையதே. நச்சை வெளியே நிறுத்தி இரையை உள்ளே விடுவதுதான் அதன் முதல் வேலையாக இருந்திருக்கும். உப்புநீர் வாசிகள் அதைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றன. 1992-இல் சென்னையில் தலைகாட்டி வங்கதேசம் வரை பரவிய ஓ139 என்ற காலரா வகையிலும், புதிதாக வந்தவை போரின்கள் அல்ல, மேற்பரப்பின் சர்க்கரைச் சங்கிலியும் உறையும்தான்.