தடுத்தவருக்குக் கிடைத்த பரிசு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கல்லூரி ஹாக்கி அணியில் நான் பின்காப்பு ஆட்டக்காரன். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால், "எத்தனை கோலுப்பா போட்டே?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "நான் போடுகிறவன் இல்லையம்மா, தடுக்கிறவன்" என்றால் அம்மாவின் முகம் வாடிவிடும். இதற்குத் தக்க விடை தேடியபோது நான் படித்தறிந்தவரே ராட் லாங்வே என்னும் அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர்.

ஆட்டமும் தற்காப்பும்

ஐஸ் ஹாக்கி 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளத்தில் ஆடப்படுவது. ஓர் அணிக்குக் கோல் காப்பாளர் ஒருவர், தற்காப்பாளர் இருவர், முன்னணியினர் மூவர். பந்துக்குப் பதில் 3 அங்குல விட்டமுள்ள ரப்பர் வட்டு. பனியில் உராய்வு மிகக் குறைவு. எனவே வட்டும் ஆளும் அதிவேகமாகப் பாய்வர்.

தற்காப்பாளர் எதிரியைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். வட்டின் ஜாலத்தில் மயங்காமல் எதிரியின் மார்பைக் கவனிக்க வேண்டும். அவரை நடுவே விடாமல் பக்கச் சுவரோரம் ஒதுக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் கோல் வாயில் குறுகிய கோணமாகவே தெரியும். கோல் காப்பாளரின் பார்வையை மறைத்து நிற்போரை அப்புறப்படுத்துவதும் அவர் கடமையே. இவற்றில் எதற்கும் பலகையில் எண் ஏறுவதில்லை.

லாங்வேயின் சாதனை

லாங்வே 1957இல் தைவானில், அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவரின் மகனாகப் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வளர்ந்தார். 1979இல் மான்ட்ரியல் அணியுடன் ஸ்டான்லி கோப்பையை வென்றார். 1982 செப்டம்பரில் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டு, அதன் தலைவரானார்.

அந்த அணியின் நிலை பரிதாபமானது. தனது முதல் பருவமான 1974-75இல் 80 ஆட்டங்களில் 8 மட்டுமே வென்று, 446 கோல்கள் வாங்கியது. எட்டுப் பருவங்களில் ஒருமுறைகூட இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. 1982 கோடையில் அணியே கலைக்கப்படுமோ என்ற அச்சம் எழுந்தது.

அவர் வந்தபின் நடந்ததைக் கணக்கே கூறும். 1981-82இல் அணி வாங்கிய கோல்கள் 338, 1982-83இல் 283, 1983-84இல் 226. கடைசி எண் அவ்வாண்டு லீக்கிலேயே மிகக் குறைவு. 1983இல் அணி முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. இது ஒருவர் சாதனை அன்று. கோல் காப்பாளர்களுக்கும், உடன் வந்த வீரர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் அரணின் நடுக்கல் லாங்வேயே.

சிறந்த தற்காப்பாளருக்கான நாரிஸ் கோப்பை 1983இல் அவருக்குக் கிடைத்தது. அப்பருவத்தில் அவர் அடித்தவை மூன்றே கோல்கள்! மறு பருவத்தில் எட்மன்டன் அணியின் தற்காப்பாளர் பால் காஃபி 40 கோல்கள் அடித்தார். லாங்வே அடித்தவை 9. அம்முறையும் கோப்பை லாங்வேக்கே. கோல் அடிப்பது தாழ்ந்ததென்று நான் கூறவில்லை; 1985இலும் 1986இலும் காஃபியே அக்கோப்பையைப் பெற்றார். ஆனால் அடித்ததை எண்ணுவது எளிது. தடுத்ததை எண்ணக் கூர்ந்த பார்வை வேண்டும்.

லாங்வே 1993 வரை வாஷிங்டனுக்கு ஆடினார். தேசிய ஹாக்கி லீக்கில் 994 ஆட்டங்கள், 51 கோல்கள். அவர் காலத்தில் வாஷிங்டன் ஸ்டான்லி கோப்பையை வெல்லவில்லை, 2018இல்தான் வென்றது. எனினும் 2002இல் ஹாக்கிப் புகழ் மன்றம் அவரை ஏற்றுக்கொண்டது.

முடிவுரை

வீடாயினும் நாடாயினும், நேராமல் போன தீங்கிற்குப் பாராட்டு விழா இல்லை. அதற்காகக் காவலை விட்டுவிட முடியுமா? அடுத்த ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது அம்மா வழக்கம்போல் கேட்பார். நான் சொல்லப்போகும் விடை இதுதான்: "நம்ம பக்கம் எத்தனை விழுந்துச்சுன்னு கேளும்மா!"